இரவில் ஐந்து வரி

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்கிறான். தினமும் நன்றிக் குறிப்பு எழுதவைத்தால் மாறுவானா?
– ஒரு வாசகி, மதுரை

தாராளமாக முயலலாம். அமெரிக்க உளவியலாளர்கள் ஜெஃப்ரி ஃப்ரோ, ராபர்ட் எம்மன்ஸ் உள்ளிட்டோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்ற 221 பேரும் 6, 7ஆம் வகுப்புப் பிள்ளைகள்தான். ஒரு பிரிவினர் இரண்டு வாரம் தினமும், நன்றி சொல்லத் தோன்றியவற்றை ஐந்து வரை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். நன்றி எழுதியவர்களுக்குப் பள்ளிமேல் பிடிப்பு கூடியிருந்தது. மூன்று வாரம் கழித்தும் அது தெரிந்தது.

உங்கள் மகனுக்கு ஒரு பழைய நோட்டு போதும். ‘நண்பனுக்கு நன்றி’ என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். ‘கணக்குப் பரீட்சையில் பேனா மக்கர் செய்தபோது பக்கத்து பெஞ்ச் பையன் தன் பேனாவைத் தந்தான்’ என்று நடந்ததை எழுதட்டும்.

நீங்கள் எழுத்துப்பிழை திருத்தாதீர்கள்.