கிடாவை உரிக்க எந்தக் கத்தி?

குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு என்றால் ஊரே அரிவாளைப் பற்றித்தான் பேசும். எங்கே அடித்தது, யார் தீட்டியது, ஒரே வீச்சில் விழுமா என்று ஆளாளுக்கு விசாரிப்பார்கள். அந்த வீச்சு ஒரு நொடியில் முடிந்துவிடும். தோலை உரித்து, வயிற்றைத் திறந்து, குடலை இறக்கி, சப்பையும் தொடையும் பிரிக்கிற வேலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. அதற்கு எந்தக் கத்தி என்று யாரும் யோசிப்பதில்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். பிரம்மதேசத்திலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வரைக்கும் ஏரிக்கரை ஐயனாருக்கும் முனீஸ்வரனுக்கும் கிடா விடுகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கறிக்கடையில் கொக்கி இருக்கிறது, குழாய்த் தண்ணீர் இருக்கிறது, பழகிய கை இருக்கிறது. கோயில் வெளியில் வேப்பமரக் கிளையும் இரண்டு குடம் தண்ணீரும்தான். அங்கே கறி சுத்தமாக வருவது பாதிக்குமேல் கத்தியைப் பொறுத்தது. அந்தக் கத்தி சின்னதாக, மெல்லியதாக, நாமே தீட்டிக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவத்தில் உறுதிப்பட்ட கருத்து.

காரணம் ஆட்டின் உடம்பிலேயே இருக்கிறது. தோலுக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று உண்டு. பின்னங்காலிலும் வயிற்றிலும் கத்தியால் வழி திறந்துவிட்டால் போதும். மீதித் தோலை முட்டியை உள்ளே கொடுத்துத் தள்ளியே கழற்றிவிடலாம். அந்த இடத்தில் நீளக் கத்தியை ஓட்டினால் தோலில் கீறல் விழும், சதையும் தோலோடு போகும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிலில் கத்திக் கீறல் பட்ட தோலுக்கு மதிப்புக் குறைவு. வயிற்றைத் திறப்பது இதைவிட நுட்பமான வேலை. சின்னதாக ஒரு வாய் திறந்து, இடது கையின் இரண்டு விரலை உள்ளே விட்டு வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்து, அந்த விரல்களுக்கு நடுவே கத்தியின் கூர் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்து, உள்ளிருந்து வெளியே அறுத்துக்கொண்டு போக வேண்டும். கத்தி முனை விரல்களைத் தாண்டி நீண்டால் குடலிலோ இரைப்பையிலோ குத்தும். சாணமும் புளித்த தீவனமும் கறியில் கொட்டும். ஈரலோடு ஒட்டிய பித்தப்பை கிழிந்தாலோ ஈரல் கசந்துபோகும். இரண்டு குடம் தண்ணீரில் இதையெல்லாம் கழுவித் தீராது.

ஆடு சின்னப் பிராணி, அதனால் சின்னக் கத்தி போதும். பெரிய உடம்புக்குப் பெரிய கத்திதானே வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்கா, கனடா வேட்டைக்காரர்கள் பல நூறு கிலோ எடையுள்ள மூஸ் மானைக்கூட மூன்று நான்கு அங்குல அலகில்தான் காட்டிலேயே உரித்துப் பிரிக்கிறார்கள். பாப் லவ்லெஸ் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் பரவலாக்கிய வேட்டைக் கத்தியில், முனைக்கு அருகே முதுகு சரிந்து இறங்கியிருக்கும். குடலில் முனை குத்தாமல் இருக்கவே அந்தச் சரிவு. நம் நாட்டில் மான், காட்டுப்பன்றி வேட்டைக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. ஆனால் அவர்கள் கண்ட பாடம் நம் கிடாவுக்கும் பொருந்தும்: உடம்பு பெரிதாவதால் அலகு நீளத் தேவையில்லை.

எலும்பை எப்படி வெட்டுவது என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பிரிப்பதற்கு எலும்பை வெட்டவே வேண்டியதில்லை. முன்னங்கால் சப்பை விலாவோடு சதையால் மட்டுமே ஒட்டியிருக்கிறது. நடுவில் மூட்டே கிடையாது. காலைத் தூக்கிப் பிடித்து உள்பக்கமாக அறுத்தால் கையோடு வந்துவிடும். தொடையில் பந்துமூட்டு, காலை மடக்கி அசைத்தால் மூட்டு எங்கே என்று தெரியும், அங்கே நரம்பை அறுத்தால் கழன்றுவிடும். இந்த வேலையை வெட்டுக்கத்தியால் செய்தால் எலும்புச் சில்லு கறியில் சிதறும், குழந்தை வாயில் அகப்படும். துண்டு போடும்போது மட்டும் புளியங்கட்டையும் கனமான வெட்டுக்கத்தியும் வரட்டும். ஆக, கத்தி இரண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுக்கக் கூடாது.

எந்த இரும்பு? லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துத் தரும் கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் சாதாரணத் தீட்டுக்கல்லில் பத்து இழுப்பில் கூர் திரும்பிவிடும். ஸ்டெயின்லெஸ் கத்தி துருப்பிடிக்காது. அதில் விலை குறைந்தவை கூர் நிற்காது, தரமானவை தீட்டப் பொறுமை கேட்கும். ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பவர் ஸ்டெயின்லெஸ் வாங்கலாம். கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வைக்கிற பழக்கம் உள்ளவருக்குப் பட்டைக் கத்திதான் என் சிபாரிசு. எதுவானாலும் நான்கு அங்குல அலகு, கொழுப்புப் பட்டாலும் வழுக்காத பிடி, இரண்டும் இருக்கட்டும்.

கூர் அதிகமானால் கை அறுபடும் என்று பயந்து மொக்கைக் கத்தியைக் கொடுப்பவர்கள் உண்டு. நடப்பது இதற்கு நேர்மாறு. மொக்கைக் கத்திக்கு அழுத்தம் வேண்டும், அழுத்தினால் சறுக்கும், சறுக்கிய கத்தி மறுகையில்தான் இறங்கும். கூர் போகக் காரணம் பெரும்பாலும் சதை இல்லை, ரோமத்தில் ஒட்டிய மண். அதனால் முதல் கீறலுக்குப் பிறகு எப்போதும் தோலின் உள்பக்கமிருந்தே அறுங்கள். கத்தியும் பிழைக்கும், மயிரும் கறியில் ஒட்டாது. தீட்டும்போது கல்லுக்கும் அலகுக்கும் இருபது டிகிரிக்குள் சரிவு வைத்து, இரண்டு பக்கமும் சமமாக, விளிம்பில் பிசிறு உதிரும்வரை இழுங்கள். சாணைச் சக்கரத்தில் பிடிக்கக் கொடுத்தால் விளிம்பு நீலம் பாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது, கூர் நிற்காது.

பணம் கொடுத்தால் கடைக்காரர் வந்து செய்துவிடுவார், நமக்கு எதற்கு இந்தப் படிப்பு என்பது கடைசி வாதம். வரட்டும், தேர்ந்த கைக்கு மரியாதை உண்டு. அவர் கையிலும் இதே சின்னக் கத்தியைத்தான் பார்ப்பீர்கள். ஆனால் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் அவர் பத்துக் கோயிலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. உரிக்காத கிடா வெயிலில் காத்திருக்கும்போது வயிறு உப்பி, கறி கெடத் தொடங்கும். சாமிக்கென்று வளர்த்து, சொந்தபந்தத்துக்குப் பரிமாறப் போகிற கறி அது. ஒவ்வொரு குடும்பத்திலும் முறையாக உரிக்கத் தெரிந்த ஒருவராவது, அவருக்கென்று தீட்டி வைத்த ஒரு சின்னக் கத்தியாவது இருக்க வேண்டும்.