காதர்பேட்டையிலிருந்து கிரகணம் தெரியுங்களா?

திருப்பூர் காதர்பேட்டைச் சந்துகளில் அண்ணாந்து பார்த்தால் மின்கம்பிகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் நடுவே ஒரு முழம் வானம்தான் தெரியும். "இங்கிருந்து கெரகணம் எங்கீங்க தெரியப்போகுது? கொடைக்கானல் பக்கம் போனாத்தானுங்க உண்டு" என்று மூட்டை கட்டுகிறவர்கள் சொல்வது நியாயமாகத்தான் படும்.

ஆனால் சந்திர கிரகணத்துக்காக யாரும் மலை ஏற வேண்டியதில்லை. பூமியின் நிழல் நிலாவின் மேல் விழுகிறது. அந்த நேரத்தில் எந்தெந்த ஊரில் நிலா வானத்தில் இருக்கிறதோ, அத்தனை ஊருக்கும் அது தெரியும். 2025 செப்டம்பர் 7 இரவு 11:01 மணிக்கு நிலா முழுதாக நிழலுக்குள் போனது. 12:23 வரை, 82 நிமிடம் உள்ளேயே கிடந்தது. திருப்பூருக்கும் பாட்னாவுக்கும் கடிகாரத்தில் அதே நிமிடம்தான். இங்கே தையல் மெஷினில் உட்காரும் பீகார் தம்பியும் ஊரிலிருக்கும் அவர் அம்மாவும் போனில் பேசிக்கொண்டே ஒரே சிவப்பு நிலாவைப் பார்த்திருக்கலாம். அப்போது நிலா நமக்கு ஏறக்குறைய உச்சியில் நின்றது. மேகம் மட்டும் மறைக்காவிட்டால் ஒரு முழம் வானமே போதும். தெருவிளக்கு வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போகும், நிலா போகாது.

நிலா எழும் நேரத்தில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் வரும். 2026 மார்ச் 3 கிரகணத்தில் நிலா முழுதாக மறைந்திருந்தது மாலை 5:33 வரை. அசாம் பக்கம் அதற்குள் நிலா எழுந்துவிட்டது. நமக்கு எழுந்ததே ஆறரை மணி வாக்கில். 6:48-க்கு நிழல் விலகிவிட்டது. அந்த இருபது நிமிடக் கடைசித் துண்டைப் பார்க்கச் சந்து உதவாது, கிழக்குப் பக்கம் திறந்த மொட்டை மாடி வேண்டும்.

வெறுங்கண்ணால் பார்த்தால் கண் போய்விடும் என்ற பயம் சூரிய கிரகணத்துக்கு உரியது, அங்கே அது முழு உண்மை. 2019 டிசம்பர் 26 காலை வளைய கிரகணத்தின் பாதை கோவை, திருப்பூர் வழியாகவே போனது. சென்னைக்குக்கூட அந்த வளையம் கிடைக்கவில்லை. அன்று தகுந்த கண்ணாடி இல்லாமல் பார்ப்பது ஆபத்து. நிலாவோ பௌர்ணமியில் தருவதைவிடக் கிரகணத்தில் குறைந்த ஒளியையே தருகிறது. குழந்தைகளைத் தாராளமாக மாடிக்கு அழைத்துப் போகலாம்.

எனக்கு மனம் வலிப்பது இன்னொரு நம்பிக்கையில். கர்ப்பிணி கிரகண நேரத்தில் கத்தரி தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்து பிறக்கும் என்பார்கள். துணியில் பிசிறு வெட்டியே பிழைக்கும் பெண்கள் நிறைந்த ஊர் இது. கத்தரி அவர்களுக்குச் சோறு. உதட்டுப் பிளவோடு பிள்ளை பிறந்துவிட்டால், 'அன்னைக்கு நீ எதையோ வெட்டியிருப்பே' என்று அந்தத் தாயின் தலையிலேயே பழி விழுகிறது. கருவில் மேலுதடு சேர்வது நான்கிலிருந்து ஏழாவது வாரத்துக்குள். பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போதுதான் தெரியவரும். அது சேராமல் போவதற்கு மரபணு, புகைப்பழக்கம், கருவுறும் முன்பே இருந்த சர்க்கரை நோய், சில மருந்துகள் என்று காரணங்கள் உண்டு. நிழலுக்கும் கத்தரிக்கும் அதில் பங்கே கிடையாது. அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யவும் முடியும். மாறாக, மணிக்கணக்கில் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் கர்ப்பிணியை இருட்டறையில் அடைப்பதுதான் அவளுக்குக் கெடுதல். பசித்தால் சாப்பிடட்டும்.

ராகு விழுங்குவதில்லை, பூமியின் நிழல்தான் மறைக்கிறது என்று ஆரியபட்டர் எழுதி 1,500 ஆண்டுகளுக்கு மேலாகிறது. நிலா செம்பு நிறமாவதும் நம் காற்றால்தான்: பூமியின் விளிம்பைச் சுற்றியிருக்கும் காற்று சூரிய ஒளியின் சிவப்பை வளைத்து அந்த நிழலுக்குள் அனுப்புகிறது.

நமக்குத் தெரியப்போகும் அடுத்த முழு சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31. இரவு 9:45 மணி வாக்கிலிருந்து 11 மணி வரை நிலா முழுதாக நிழலுக்குள் இருக்கும். புத்தாண்டுக்காக எப்படியும் விழித்திருப்போம். கிழக்கு வானில் நிலா நன்றாக உயர்ந்து நிற்கும். கர்ப்பிணிப் பெண் வீட்டில் இருந்தால் அவருக்கும் மாடியில் ஒரு நாற்காலி போடுங்கள்.