கரிசல் ஊர்களில் சுவிசேஷம் சொல்ல: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்ற ஆசை வந்ததும் நம் வாலிபர்கள் முதலில் தேடுவது மைக் செட்டை. கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய காரியங்கள் நிறைய இருக்கின்றன.

படி 1: முன்னால் நடந்தவர்களைப் பாருங்கள்

1711இல் தமிழ்நாட்டுக்கு வந்த இத்தாலியக் குரு பெஸ்கி பணி செய்த ஊர்களில் ஒன்று, இங்கே பக்கத்தில் இருக்கும் காமநாயக்கன்பட்டி. அவரைத்தான் வீரமாமுனிவர் என்கிறோம். ஊர்ப் பெரியவர்கள் மதிக்கும் துறவிக் கோலத்தை எடுத்துக்கொண்டார். தேம்பாவணி பாடும் அளவுக்குத் தமிழ் படித்தார். உபதேசியார்களுக்கென்று ஒரு கைநூலும் எழுதினார். அதன் பெயர் ‘வேதியர் ஒழுக்கம்’. பேச்சு, பிரசங்கம் என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை, கவனியுங்கள்.

ஆங்கிலேய மிஷனரி ராக்லாந்து ஐயர் வேறு மாதிரி. கேம்பிரிட்ஜில் பெரிய படிப்பு படித்தவர். 1854இல் சிவகாசியை மையமாக வைத்து, ஃபென், மெடோஸ் என்ற இருவரோடும் தமிழ் உபதேசியார்களோடும் வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் போட்டுத் தங்கினார். ஒரு ஊர் முடிந்தால் அடுத்த ஊர். நாலே வருஷம்தான், 1858இல் சிவகாசியிலேயே இறந்துபோனார். பெரிய அறுவடை எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை.

படி 2: நேரம் பாருங்கள்

புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைக்கிற மானாவாரி ஊர்கள் இவை. விதைப்பு நாளில் போய் ‘ஒரு நிமிஷம்’ என்று நிறுத்தினால் ஏச்சுதான் கிடைக்கும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களின் வீட்டில் பகலில் யாரும் இருக்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு, திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது போங்கள்.

படி 3: வழியைத் தேர்ந்தெடுங்கள்

கைப்பிரதி சுலபம். சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டில் ஒரு கட்டுக் கொடுத்து முடித்தேன். சாயங்காலம் எனக்கே அதில் ஒன்றில் அவித்த கடலையை மடித்துக் கொடுத்தார்கள்! வீதிப் பிரசங்கம் பழகிய ஊழியருக்குத்தான் சரிவரும். பாட்டு நல்ல வழி. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிக’த்தில் பனியன் எழுதிய ஆங்கிலக் கதையைத் தமிழ்க் காப்பியமாகவே மாற்றிவிட்டார்.

புதியவருக்கு நான் சொல்வது சாட்சிதான். உங்கள் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதைப் பத்து நிமிஷத்தில், வசனம் அடுக்காமல் சொல்லிப் பாருங்கள். முதலில் வீட்டில் அம்மாவிடம் சொல்லுங்கள். அவர்கள் சிரித்தால், கூட்டிச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அடுத்தவர் பேசினால் நடுவில் மறிக்காதீர்கள். அவர் கோயில் கொடையைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாலும் கேளுங்கள்.

படி 4: எல்லை தாண்டாதீர்கள்

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கப்பட்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில காரியங்கள் தப்புதான். காசு, அரிசி, வேலை காட்டி அழைக்காதீர்கள். ‘ஜெபித்தால் கட்டாயம் சுகமாகும், மாத்திரையை நிறுத்து’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். அடுத்தவர் சாமியைப் பழிக்காதீர்கள். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால் அவசரப்படாமல் ஆயரிடம் அழைத்துப் போங்கள்.

படி 5: அந்தக் கேள்விக்குத் தயாராகுங்கள்

என்றைக்காவது ஒரு திண்ணையில் யாராவது கேட்பார்கள்: “உங்க சபையில சாதி இல்லையாய்யா?” மழுப்பாதீர்கள். இருக்கிறது என்றால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதற்கு எதிராக நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லையென்றால், அடுத்த கிராமத்துக்குக் கிளம்புவதை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு முதலில் உங்கள் சபையின் அசனப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.