புதுமைப்பித்தன் மீது ஒரு பொறாமை

பிறர் செல்வத்தைக் கண்டு நான் பொறாமைப்பட்டதில்லை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943) படித்த அன்று பட்டேன். உடனே அதே போக்கில் ஒரு கதை எழுதினேன். எங்கள் ஊருக்குக் கடவுள் வருகிறார். இடி, மின்னல், ஒளி வெள்ளம்! நண்பர்கள் சிரித்தார்கள், சிரிக்க வேண்டாத இடங்களில்.

பிறகு பென்சிலும் கையுமாக அவர் கதையை மறுபடி படித்தேன். கடவுள் வருமுன், சென்னை பிராட்வே சந்தியில் நிற்கும் பிள்ளை சில்லறைக் கணக்குப் போடுகிறார். டிராமா, பஸ்ஸா? மிச்சத்தில் வெற்றிலையா, காப்பியா? அந்தக் கணக்கை நம்பிய வாசகன், அடுத்து வழி கேட்டு நிற்கும் கடவுளையும் நம்பிவிடுகிறான். அந்தக் கடவுள் காப்பி குடிக்கிறார். பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கட்டுகிறார். நான் ஆசைப்பட்டது அவருடைய கேலி நடைக்கு. கற்றிருக்க வேண்டியது அந்தக் காலணாக் கணக்கை. (அளவெடுக்காமல் முடிவை எழுதினால் ஆய்வுக்கூடத்தில் விடுவார்களா?)

சுந்தர ராமசாமியும் அவரிடம் மனத்தைப் பறிகொடுத்தவரே. 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனுக்கு 1951-இல் நினைவு மலர் கொண்டுவந்தார். தம் முதல் கதையை அதில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபது. எனக்கும் இருபதுதான். பொறாமை இப்போது அவர் பக்கமும் திரும்பியிருக்கிறது.

திருத்தி எழுதும் என் கதையில் கடவுள் இன்னும் வரவில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்பவரின் பையில் எவ்வளவு சில்லறை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.