மரமும் பிசினும்: ஒரு மிளகுத் திரிகை கடைந்த பாடம்

கைத்தொழில் என்பது கையின் பழக்கம் மட்டுமன்று; பொருளின் இயல்பை அறிந்த அறிவும் ஆகும். மரத்தின் குணம் அறியாதவன் கையில் எத்தனை உளிகள் இருந்தாலும் பயனில்லை.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைக்கு அருகில் உள்ளது அரும்பாவூர். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில், ஒரே கட்டையில் முழு உருவத்தையும் செதுக்கி எடுப்பது அவ்வூர்ச் சிற்பிகளின் தனிச் சிறப்பு. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரே கட்டையில் செதுக்கும்போது வெட்டி நீக்கப்படும் மரம் கொஞ்சமன்று. வெடிப்பு விழுந்த கட்டையும், பூச்சி அரித்த துண்டும் சிற்பத்துக்கு உதவா. நான் பார்த்த வரையில் இவை பெரும்பாலும் அடுப்புக்கே போகின்றன. வேதியியல் மாணவனாகிய எனக்கு இவற்றைப் பயன்பொருளாக்க இயலுமா என்ற கேள்வி எழுந்தது. அத்தகைய வாகைத் துண்டுகளை வார்ப்புப் பிசினில் பதித்து, கடைசல் எந்திரத்தில் ஒரு மிளகுத் திரிகை செய்தேன். அம்முறையையும் அதன் காரணங்களையும் இங்கே காண்போம்.

மிளகுத் திரிகை

நம் வீட்டுத் திரிகையில் கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும். மிளகுத் திரிகையின் தத்துவமும் அதுவே. அசையாத பல்வளையம் ஒன்றினுள் பற்கள் கொண்ட கூம்பு ஒன்று சுழல்கிறது. பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனம் 1874-இல் இத்தகைய மிளகுத் திரிகையை உருவாக்கியது. எஃகாலோ பீங்கானாலோ ஆன அரைபொறியை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். உடலையும் தலையையும் மட்டும் நாம் கடைய வேண்டும்.

மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்னும் பொருள். அதை 1819-இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கு அறிஞர் எர்ஸ்டெட். மணத்துக்குக் காரணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய். பொடித்து வைத்த மிளகில் காரம் நின்றாலும் மணம் போய்விடும். ஆகவேதான் கொல்லிமலை மிளகானாலும் வேண்டும்போது அரைத்துக்கொள்வதே நன்று.

இருவகைப் பிசின்

கடைசல் தொழிலுக்குப் பிசின் புதிதன்று. சென்னப்பட்டணத்துப் பொம்மைகளுக்கும், நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களுக்கும் நிறம் தருவது அரக்கு. அது அரக்குப் பூச்சி சுரக்கும் இயற்கைப் பிசின். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் இளகி மரத்தில் படியும், ஆறியதும் இறுகும்.

எப்பாக்சி என்னும் வார்ப்புப் பிசின் செயற்கையானது. பிசினையும் கெட்டிப்படுத்தியையும் கலந்தவுடன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலை போல் ஆகின்றன. அதன்பின் எவ்வளவு சூடேற்றினாலும் மெழுகு போல் உருகி ஓடாது. எனவே அரக்கில் நேர்ந்த குறையை மீண்டும் உருக்கிச் சரிசெய்யலாம். எப்பாக்சியில் நேர்ந்த குறை நிலைத்துவிடும். இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால் மற்றவை எளிது.

கட்டையை ஆயத்தம் செய்தல்

மரம் ஈரத்தை வாங்கும், விடும். அதற்கேற்ப விரியும், சுருங்கும். இறுகிய பிசின் அவ்வாறு செய்யாது. ஈர மரத்தைப் பதித்தால், பின்னர் அது சுருங்கிப் பிசினை விட்டு விலகும். மேலும் ஈரம் பிசினில் குமிழிகளை உண்டாக்கும். ஆகவே துண்டுகளை நிழலில் பல வாரங்கள் உலர்த்தி, ஒவ்வொரு வாரமும் நிறுத்துப் பார்த்தேன். எடை குறைவது நின்ற பிறகே எடுத்துக்கொண்டேன். பட்டை, புழுத்தூள் ஆகியவற்றை முழுதும் நீக்க வேண்டும். மரத்தோடு சிரட்டைச் சில்லுகளையும் சேர்க்கலாம். அவையும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும்.

வார்த்தல்

அச்சு 7 செ.மீ. சதுரமும் 22 செ.மீ. நீளமும் கொண்டது. கொள்ளளவு ஏறத்தாழ 1,078 கன செ.மீ. இதில் மூன்றில் இரண்டு பங்கு மரம் நிறைந்தால், பிசின் 360 கன செ.மீ. போதும். பிசின் விலையுயர்ந்தது, எனவே மரம் எவ்வளவு நெருங்கியிருக்கிறதோ அவ்வளவு சிக்கனம்.

பிசினையும் கெட்டிப்படுத்தியையும் தயாரிப்பாளர் குறித்த விகிதத்தில் கலக்க வேண்டும். கெட்டிப்படுத்தியைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்று எண்ணுவது தவறு. மிகுதியானது வினைபுரியாமல் தங்கி, வார்ப்பை மென்மையாக்கிவிடும். இவ்வினை வெப்பம் உமிழ்வது. ஒரே முறையில் மிகுதியாக ஊற்றினால் வெப்பம் வெளியேற வழியின்றி, வார்ப்பு மஞ்சளித்து வெடிக்கும். அதனால் அடுக்கடுக்காக ஊற்றினேன். வாகை மரம் பிசினைவிட அடர்த்தி குறைந்தது, ஆகவே மிதக்கும். துண்டுகளை அச்சின் அடியில் முன்கூட்டியே ஒட்டிவிட வேண்டும்.

இறுகாத பிசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கையுறையும் காற்றோட்டமும் இன்றியமையாதவை.

துளையிடலும் கடைதலும்

ஒரு வாரம் இறுகவிட்ட பின், கட்டையைத் தலைக்கு 6 செ.மீ., உடலுக்கு 16 செ.மீ. என அறுத்தேன். உருட்டுவதற்கு முன்பே துளையிடுவது நல்லது. சதுரக் கட்டையைப் பிடிப்பது எளிது. என் அரைபொறிக்கு உடல் நெடுகிலும் 27 மி.மீ., அடிப்பகுதியில் 40 மி.மீ. துளைகள் தேவைப்பட்டன. பொறிக்குப் பொறி அளவு மாறும். கையில் உள்ளதை அளந்தே துளையிடுக.

மரத்தில் உளி நாரைப் பின்பற்றிச் செல்லும். பிசினில் நார் இல்லை. மழுங்கிய உளி பட்டால் பிசின் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அடிக்கடி சாணை பிடித்த உளியால் மெல்லச் சீவினால் நாடா போல் சுருள் சுருளாக வரும். மரமும் பிசினும் சேரும் இடத்தில் கை இன்னும் இலேசாக இருக்க வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது சூடேறவிடக் கூடாது. வாகைத் தூள் கடுந்தும்மலை வரவழைக்கும்; மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிக.

உட்புறம்

மிளகு தங்கும் இடம் மரமாகவே அமையும்படி, பெரிய துண்டை நடுவில் வைத்து வார்த்தேன். துளையின் உட்புறத்துக்கு, மெழுகு நீக்கிய அரக்கைச் சாராயத்தில் கரைத்து இருமுறை பூசி, ஒரு வாரம் உலர்த்தினேன். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேற்பூச்சாகும் பொருள் அது. இவ்வாறு வெளியே புதிய பிசினும் உள்ளே பழைய பிசினும் தத்தம் பணியைச் செய்கின்றன.

அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சி, உருகாவிடினும், பெரும்பாலும் 50–60 பாகை செல்சியசில் சற்றே மென்மையாகும். ஆகவே கொதிக்கும் இரசத்தின் ஆவியில் பிடித்துத் திருக வேண்டாம். தட்டில் திருகி, பிறகு தூவுக.

பெயர் பற்றி ஒரு சொல்

இதை அரும்பாவூர்ச் சிற்பம் என்று விற்கலாமா எனச் சிலர் கேட்டனர். கூடாது என்பதே என் கருத்து. அப்பெயருக்குரியது ஒரே கட்டையில் கையால் செதுக்கிய உருவம். என்னுடையதோ பல துண்டுகளைப் பிசினால் சேர்த்து எந்திரத்தில் கடைந்தது. இரண்டையும் ஒரே பெயரில் விற்றால் வாங்குவோர் ஏமாறுவர். சிற்பியின் நீண்ட நாள் உழைப்புக்குரிய விலையும் தாழும். புவிசார் குறியீட்டின் நோக்கமே அதைத் தடுப்பதாகும்.

ஆனால் 'சிற்பக் கூடத்தில் மீந்த வாகையில் கடைந்த மிளகுத் திரிகை' என்று உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதில் தவறில்லை. அதனால் சிற்பத்தின் பெயர் கெடாது. அடுப்புக்குப் போகும் மரத்துக்கும் விலை கிடைக்கும். கடைசல் கற்ற இளைஞர் ஒருவருக்கு அது ஒரு தொழிலாகவும் அமையலாம். வேதியியல் வகுப்பில் நாம் படிக்கும் பிணைப்புகளும் வினைகளும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடக் கூடாது. நம் ஊர்ப் பட்டறைக்கு அவை பயன்படும்போதுதான் கற்ற கல்வி நிறைவு பெறும்.