நமக்கேற்ற மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிள் வாங்கப் புகும் இளைஞர் அதன் தோற்றத்தையும் ஒலியையும் நோக்குகின்றனர். பெற்றோர் விலையையும் பெட்ரோற் செலவையும் விசாரிக்கின்றனர். அதன் எடை எவ்வளவு என்று கேட்பாரோ மிகச் சிலர். ஆதலின் எடை, எஞ்சின் அளவு என்னும் இவ்விரண்டினைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வண்டி விரைந்து ஓடுங்கால் அதன் எடை நமக்குப் புலனாவதில்லை. நெரிசலில் ஊரும்போதும், நிறுத்தும்போதும், தள்ளும்போதுமே அது புலனாகும். செங்குத்தாக நிற்கும் வண்டியின் பாரத்தைச் சக்கரங்களே தாங்கும். சாயத் தொடங்கினாலோ அப்பாரத்தில் ஒரு பங்கு நம் கைகால்களைச் சேரும். சாய்வு 10 பாகையினின்று 20 பாகையாயின், அப்பங்கும் ஏறக்குறைய இருமடங்காகும். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோகிராம் எடையுள்ளது. ராயல் என்பீல்டு புல்லட் 350 சுமார் 195 கிலோகிராம். இவற்றின் வேறுபாடு நன்கு வளர்ந்த ஓர் ஆளின் எடைக்கு நிகராம். முன்னதன் இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர், பின்னதற்கு 805. இந்த 20 மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். ஆயினும், உயரங் குறைந்தவர்க்குப் பாதம் நிலத்திற் பதிவதும், விரல்நுனி மாத்திரம் தொடுவதும் இதனாலேயே வேறுபடும்.

நிற்க, சி.சி. என்பது யாது? பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை செல்லுங்கால் கடக்கும் இடத்தின் கன அளவேயாம். இது பெரிதாயின் வேகமும் பெரிதாம் என்று கருதுதல் பொருந்தாது. புல்லட்டின் எஞ்சின் 349 சி.சி.; அது தருவது சுமார் 20 குதிரைச்சக்தி. யமஹா ஆர்15 வண்டியின் எஞ்சின் 155 சி.சி.யே, ஆயினும் சுமார் 18 குதிரைச்சக்தி தருகின்றது. அதன் எடையோ ஏறக்குறைய 140 கிலோகிராமே. எனவே, சிறிய எஞ்சினென்று நம்பி வாங்கிய வண்டி, பெரியதினும் விரைந்து பாயக்கூடும். சி.சி.யை மாத்திரம் பாராது, குதிரைச்சக்தியையும் எடையையும் ஒருங்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். வேகம் 30 கிலோமீட்டரினின்று 60 ஆயின், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே, பணங் கொடுக்குமுன் சில சோதனைகள் செய்வோம். எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்போம். நடு ஸ்டாண்டு உள்ளதாயின் அதிலே ஏற்றி இறக்குவோம். இருக்கையில் அமர்ந்து இரு பாதங்களையும் ஊன்றுவோம். குறுகிய இடத்தில் மெல்லத் திருப்புவோம். பின்னர், பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றிக்கொண்டு இவற்றுள் இயன்றவற்றை மறுபடியும் செய்வோம். நாளை அவ்விடத்தில் அமரப்போகின்றவர் நம் தாயாரோ தங்கையோ ஆகலாம். மழை பெய்த தெருவிலே திடீரென நிறுத்த நேருங்கால், அவரையும் சேர்த்துத் தாங்க வேண்டுவன நம் இரு கால்களே. இச்சோதனைகளில் நமக்கு அடங்காத வண்டி எத்துணை அழகியதாயினும், அதனைக் கடையிலேயே விட்டு வருதல் நலம். சிறியதில் நன்கு பழகிய பின்னர்ப் பெரியதை நாடுவதில் இழுக்கொன்றுமில்லை.