கணக்கும் ஒரு வழிபாடே

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தைச் சாத்விகம், ராஜஸம், தாமஸம் என மூன்றாக வகுக்கிறது. இடமும் காலமும் பெறுபவரின் தகுதியும் அறிந்து, கைம்மாறு கருதாது அளிப்பதே சாத்விக தானம். ஆனால் இன்று கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் நேரில் காண்பது அரிது. இருவருக்கும் இடையே ஒரு தொண்டு நிறுவனம் நிற்கிறது. இடமும் காலமும் தகுதியும் ஆராயும் கடமையைக் கொடையாளர் அந்நிறுவனத்திடம் நம்பி ஒப்படைக்கிறார். அவ்வாறு இடையில் நிற்பவரின் தர்மம் யாது?

1897ஆம் ஆண்டு மே மாதம் ராமகிருஷ்ண மிஷன் தோன்றியது. அதே மாதத்தில் வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் சுவாமி அகண்டானந்தர் பஞ்ச நிவாரணப் பணியைத் தொடங்கினார். சுவாமி விவேகானந்தர் தாம் எழுதிய கடிதமொன்றில் பணம் பற்றிக் கண்டிப்பான நெறி ஒன்றை வகுத்தார். ஒரு பணிக்கெனத் திரட்டிய நிதியை மற்றொன்றுக்குத் திருப்பலாகாது. தாங்களே பட்டினி கிடக்க நேர்ந்தாலும் இந்நெறி தளரக் கூடாது என்பது அவரது கருத்து.

இத்தனை கண்டிப்பு எதற்கு? வெள்ள நிவாரணத்திற்கு வந்த நிதியில் ஒரு பகுதி மிஞ்சுகிறது எனக் கொள்வோம். அதே நிறுவனத்தின் பள்ளிக்கூடமோ கூரையின்றி நிற்கிறது. மிஞ்சிய பணத்தால் கூரை வேய்ந்தால் அது திருட்டன்று. நற்செயலே என்று மனம் வாதிடும். சோதனை பெரும்பாலும் இத்தகைய நல்ல முகத்துடனேயே வருகிறது. ஆனால் அப்பணத்தோடு கொடையாளரின் சங்கல்பமும் சேர்ந்தே வந்தது. அவரிடம் நிலைமையைத் தெரிவித்து, இசைவு பெற்றுச் செலவிடுவதே முறை. அவர் அறியாமல் செய்யும் நன்மையும் அவரது நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

1894இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியர் காங்கிரஸ் அமைந்தபோது, பணம் கொடுத்தவர்கள் ரசீதைப் பொருட்படுத்தவில்லை. எனினும் காந்தியடிகள் ரசீது கொடுத்தே தீரவேண்டும் என வலியுறுத்தினார்; ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைக்கச் செய்தார். கணக்கு செம்மையாக இல்லாத இடத்தில் சத்தியம் தூய்மையுடன் நிலைக்காது என்பது அவர் தம் சுயசரிதையில் உணர்த்தும் பாடம். கேளாதவர்க்கும் கணக்குக் காட்டுவதே அதன் சிறப்பு. பிறர் நம்மை நம்புகிறார்கள் என்பது கணக்கைத் தவிர்க்கக் காரணமாகாது. அந்நம்பிக்கை நமது பொறுப்பை மேலும் பெருக்குகிறது.

ஆகவே தொண்டாற்றும் அன்பர்கள், பெற்ற தொகைக்கு அன்றே ரசீது அளித்தல், நிதிகளைத் தனித்தனியே எழுதி வைத்தல், ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை அனைவரும் காண வைத்தல் ஆகியவற்றைத் தம் நித்திய கர்மங்களுள் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொடையாளரும் சந்தேகமின்றி, உரிமையுடன் கணக்குக் கேட்கலாம். கேட்பதை அவமதிப்பாகக் கொள்ளாமல் மலர்ந்த முகத்துடன் விடை கூறுவது தொண்டரின் பக்குவத்திற்கு அடையாளம்.

பூஜைக்கு வந்த மலரை அர்ச்சகர் தமக்கென வைத்துக்கொள்வதில்லை, முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஏழையின் உருவில் உறையும் இறைவனுக்கென வந்த பணமும் அத்தகையதே.